"வெளியே போகாதே!" என்றது சட்டம், "வேலைக்கு வா!" என்றார் முதலாளி

இரவு 8 மணி. நீங்கள் சாப்பிட உட்காருகிறீர்கள். டெலிபோன் மணி அடிக்கிறது.

"உங்களோடு வேலை பார்ப்பவருக்குக் கொரோனா. நேற்று நீங்கள் அவர் பக்கத்தில் இருந்தீர்கள். இன்னும் 10 நாட்களுக்கு நீங்கள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது" என்கிறது ஒரு குரல்.

உங்களுக்குக் காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. பசி நன்றாக எடுக்கிறது. என்றாலும் உத்தரவு உத்தரவுதானே? மானேஜருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்கிறீர்கள்.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு எதற்கு லீவு? நாளைக்கு ஆள் குறைவு. காலையில் வந்து சேருங்கள்" என்கிறார் அவர்.

பக்கத்தில் நிற்கும் மனைவி மெல்லக் கேட்கிறாள்: "10 நாள் சம்பளம் போனால் வாடகைக்கு என்ன செய்வது?"

நீங்கள் என்ன செய்வீர்கள்? வேலைக்குப் போவீர்களா? வீட்டிலேயே இருப்பீர்களா?

2020-ம் ஆண்டு முதல் 2022 வரை, இங்கிலாந்து நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் எழுந்த கேள்வி இது. ஏழை வீட்டில் மட்டும் அல்ல. அந்த நாட்டுப் பிரதம மந்திரியின் வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

நோய் இல்லாதவருக்கு ஏன் காவல்?

"நோய் வந்தவன் படுத்துக்கொள்ளட்டும். நோய் வராதவனை ஏன் அடைத்து வைக்க வேண்டும்?" முதலாளிகள் பலர் கேட்ட கேள்வி இது. கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பதில் இருக்கிறது.

கொரோனா கிருமி உடலில் புகுந்த உடனே காய்ச்சல் வந்துவிடுவது இல்லை. இரண்டு நாளிலும் வரலாம். பதினாலு நாள் கழித்தும் வரலாம். சிலருக்குக் கடைசி வரை எந்த அடையாளமும் தெரியாது. அப்படிப்பட்டவர்களிடம் இருந்தும் நோய் பரவும். காய்ச்சல் வரப்போகிறவர், அது வருவதற்கு இரண்டு நாள் முன்பே கூட மற்றவர்களுக்கு நோயைக் கொடுத்துவிடலாம்.

ஆகவே, "காய்ச்சல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால், அதற்குள் பக்கத்து நாற்காலிக்காரருக்கு நோய் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் வீட்டில் வயதான தாயார் இருக்கலாம். அந்தத் தாயாருக்கு அது எமனாக முடியலாம்.

நோயாளிக்கு 2 மீட்டர் தூரத்துக்குள் 15 நிமிடம் இருந்தவர் "நெருங்கிப் பழகியவர்" என்று கணக்கு வைத்தார்கள். முகத்துக்கு முகம் மிக அருகில் பேசியிருந்தால் ஒரு நிமிடமே போதும். இப்படிப்பட்டவர்கள் முதலில் 14 நாட்கள் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. 2020 டிசம்பர் 14-ந்தேதி முதல் அது 10 நாட்களாகக் குறைந்தது.

அபராதம் இருவருக்கும் உண்டு

தொடக்கத்தில் இது ஒரு வேண்டுகோளாகத்தான் இருந்தது. 2020 செப்டம்பர் 28-ந்தேதி இங்கிலாந்தில் சட்டமாகிவிட்டது.

"வெளியே போகாதே" என்று சர்க்கார் ஆட்கள் சொன்ன பிறகும் ஒருவர் வெளியே போனால், 1,000 பவுன் அபராதம். நம் பணத்தில் 90 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! திரும்பத் திரும்பத் தப்பு செய்தால் 10 ஆயிரம் பவுன் வரை அபராதம் ஏறும்.

முதலாளியையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. வீட்டில் இருக்க வேண்டிய தொழிலாளி என்று தெரிந்தே அவரை வேலை செய்ய விட்டால், முதலாளிக்கும் 1,000 பவுன் முதல் 10 ஆயிரம் பவுன் வரை அபராதம்.

"எனக்குத் தெரியாதே!" என்று முதலாளி சொல்லிவிட்டால்? அதற்கும் வழி செய்தார்கள். தன் நிலைமையை முதலாளிக்குச் சொல்லவேண்டியது தொழிலாளியின் கடமை. சொல்லாமல் மறைத்தால் அவருக்கு 50 பவுன் அபராதம்.

இப்படி இரண்டு பக்கமும் கயிறு கட்டிவிட்டார்கள். பிறகு ஏன் சண்டை வந்தது?

அடுப்பு எரிய வேண்டாமா?

சண்டைக்குக் காரணம் சம்பளம்தான்.

வீட்டில் இருந்தபடியே வேலை செய்யக்கூடிய ஆபீஸ்காரர்களுக்குக் கஷ்டம் இல்லை. மேஜையை ஜன்னல் ஓரம் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். முழுச் சம்பளம் வந்தது. ஆனால் பஸ் ஓட்டுகிறவர் வீட்டில் இருந்து பஸ் ஓட்ட முடியுமா? கடையில் சாமான் அடுக்குகிறவர், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர், முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்கிறவர் என்ன செய்வார்கள்?

தாராள மனம் படைத்த கம்பெனிகள் அவர்களுக்கும் முழுச் சம்பளம் கொடுத்தன. மற்ற கம்பெனிகள், "சட்டப்படி உள்ள நோய்க்காலப் படி கிடைக்கும். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது" என்று சொல்லிவிட்டன.

அந்தப் படி எவ்வளவு? 2020 ஏப்ரலில் வாரத்துக்கு 95 பவுன் 85 பென்ஸ். சுமார் 9 ஆயிரம் ரூபாய். "இவ்வளவு பணமா!" என்று நாம் வாயைப் பிளக்கலாம். ஆனால் அந்த நாட்டு விலைவாசி வேறு. 25 வயதைத் தாண்டிய ஒருவருக்கு அப்போது சட்டம் வகுத்த குறைந்த கூலியே மணிக்கு 8 பவுன் 72 பென்ஸ். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 348 பவுனுக்கு மேல் கிடைக்கும். அதாவது, வீட்டில் அடைபட்டவர் கைக்கு வந்தது, அந்தக் குறைந்த கூலியிலும் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்!

வாரத்துக்கு 120 பவுனுக்குக் குறைவாகச் சம்பாதித்தவருக்கோ அதுவும் இல்லை. மிகவும் ஏழைக்கு எதுவுமே இல்லை!

2020 மார்ச் மாதம், சுகாதார மந்திரியாக இருந்த மேட் ஹான்காக்கிடம் டெலிவிஷன் நிகழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்டார்கள். "இந்தப் படியை வைத்துக்கொண்டு உங்களால் வாழ முடியுமா?" என்பது கேள்வி. "முடியாது" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

மந்திரியால் முடியாததைக் கூலிக்காரர் எப்படிச் செய்வார்?

பிறகு சர்க்கார் இறங்கி வந்தது. வீட்டில் இருந்து வேலை செய்ய முடியாத, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு 500 பவுன் உதவித்தொகை அறிவித்தது. சட்டம் வந்த அன்றே அதுவும் வந்தது. ஆனால் அதைப் பெறப் பல நிபந்தனைகள் இருந்தன. கேட்ட எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

டெலிபோனில் வந்த குழப்பம்

அடுத்த சண்டை, கைப்பேசியால் வந்தது.

நோயாளி பக்கத்தில் நீங்கள் இருந்தீர்களா என்று கண்டுபிடிக்க ஒரு கைப்பேசிச் செயலியைச் சர்க்கார் வெளியிட்டது. நோயாளியின் போனும் உங்கள் போனும் பக்கத்தில் இருந்திருந்தால், "டிங்" என்று மணி அடிக்கும். "வீட்டில் இருங்கள்" என்று செய்தி வரும்.

2021 ஜூலையில் நோய் மறுபடியும் பெருகியது. அந்த மாத நடுவில் ஒரே வாரத்தில் 6 லட்சத்துக்கும் அதிகமான மணிகள் அடித்தன! கடைகளில் ஆள் இல்லை. லாரி ஓட்ட ஆள் இல்லை. பல கடைகளில் அலமாரிகள் காலியாகக் கிடந்தன.

இங்கேதான் ஒரு சிக்கல். சர்க்கார் ஆள் போனில் கூப்பிட்டுச் சொன்னால் அது சட்டம். மீறினால் அபராதம். ஆனால் செயலி மணி அடித்தால் அது யோசனைதான், சட்டம் அல்ல. இந்த வித்தியாசம் எத்தனை பேருக்குத் தெரியும்?

"மணி அடித்துவிட்டது. நான் வரமாட்டேன்" என்பார் தொழிலாளி. "அது சட்டம் இல்லை. வா" என்பார் மானேஜர். இரண்டு பேர் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். பிறகு சண்டை எப்படித் தீரும்?

கடைசியில் சர்க்காரே வழியை மாற்றியது. உணவுச் சாமான் அனுப்பும் முக்கியமான இடங்களில், வேலையாட்கள் வீட்டில் அடைபடுவதற்குப் பதில் தினமும் பரிசோதனை செய்துகொண்டு வேலைக்கு வரலாம் என்று ஜூலை 22-ந்தேதி அறிவித்தது. ஆகஸ்டு 16-ந்தேதி முதல், இரண்டு தடுப்பூசியும் போட்டவர்கள் அடைபட வேண்டியது இல்லை என்று ஆயிற்று.

அதில் இருந்து இன்னொரு சண்டை முளைத்தது. ஊசி போடாதவர் நோயாளியோடு பழகி வீட்டில் இருக்க நேர்ந்தால், அவருக்கு முழுச் சம்பளம் கிடையாது, சட்டப்படி உள்ள படி மட்டும்தான் என்று சில பெரிய கம்பெனிகள் விதி செய்தன. "ஊசி போடுவதும் போடாததும் என் இஷ்டம்" என்றார்கள் ஒரு சாரார். "உன் இஷ்டத்துக்கு மற்றவர் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும்?" என்றார்கள் மறு சாரார்.

பிரதமர் வீட்டுக் கூத்து

2021 ஜூலை 17-ந்தேதி, அப்போதைய சுகாதார மந்திரி சஜித் ஜாவித்துக்குக் கொரோனா என்று தெரிந்தது. அவரோடு பிரதமர் போரிஸ் ஜான்சனும், நிதி மந்திரி ரிஷி சுனக்கும் பழகியிருந்தார்கள். இருவருக்கும் தகவல் வந்தது.

மறுநாள் காலை ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. "இருவரும் தனிமையில் இருக்கமாட்டார்கள். தினமும் பரிசோதனை செய்துகொண்டு வேலை பார்ப்பார்கள். இது ஒரு சோதனைத் திட்டம்" என்பதுதான் அது.

நாடே கொதித்தது! "எங்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?" என்று ஜனங்கள் கேட்டார்கள். சம்பளத்தை இழந்து வீட்டில் கிடந்தவனுக்குக் கோபம் வராதா?

மூன்று மணி நேரம் கூட ஆகவில்லை. அறிவிப்பு தலைகீழாக மாறியது. இருவரும் மற்றவர்களைப் போலத் தனிமையில் இருக்க ஒப்புக்கொண்டார்கள். பிரதமர் ஊருக்கு வெளியே உள்ள தன் சர்க்கார் மாளிகையில் நாட்களைக் கழித்தார்.

அரசனுக்கும் ஆண்டிக்கும் சட்டம் ஒன்றாக இருந்தால்தான் ஜனங்கள் அதை மதிப்பார்கள். அன்று அந்த நாடு கற்ற பாடம் இது.

கோர்ட்டு என்ன சொன்னது?

சண்டைகள் சில, கோர்ட்டு வரை போயின. இரண்டு வழக்குகளைப் பாருங்கள். இரண்டுமே நோய்க்குப் பயந்ததால் வேலை போன வழக்குகள்.

முதல் வழக்கு வட இங்கிலாந்தில் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் நடந்தது. கூட வேலை செய்தவருக்கு நோயின் அடையாளம் தெரிந்தது. 2020 மார்ச் கடைசியில் ஒரு தொழிலாளி, "வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். நிலைமை சரியாகும் வரை வரமாட்டேன்" என்று மானேஜருக்குச் செய்தி அனுப்பினார். ஒரு மாதம் கழித்து அவருடைய வேலை போயிற்று.

ஆபத்து எதிரில் நிற்கும்போது வேலையை விட்டு விலகியதற்காக ஒருவரை நீக்கக்கூடாது என்று அந்த நாட்டில் 1996-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி அவர் வாதாடினார். ஆனால், "தொழிற்கூடம் பெரியது. ஆட்கள் சிலர்தான். தள்ளி நின்று வேலை செய்ய முடியும். வேலை இடத்தில் உடனடி ஆபத்து என்று நம்பக் காரணம் இல்லை" என்று தீர்ப்பு ஆயிற்று. அப்பீல் செய்தார். 2022 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டும் அவருக்கு எதிராகவே சொன்னது.

இரண்டாவது வழக்கு ஒரு சமையல்காரருடையது. அவருடைய தகப்பனார், நோய் வந்தால் தாங்க முடியாத உடல்நிலை கொண்டவர். "வேலை இடத்தில் முகமூடி முதலிய பாதுகாப்பு வேண்டும்" என்று அவர் கேட்டார். பதிலாக வேலை போயிற்று. அவர் வழக்குப் போட்டார். ஜெயித்தார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பயம் மட்டும் போதாது. அந்தப் பயத்துக்குத் தக்க காரணம் வேண்டும். முதலில் பாதுகாப்பைக் கேட்க வேண்டும். கேட்டவரை விரட்டினால், சட்டம் அவர் பக்கம் நிற்கும்.

நம் நாட்டில் எப்படி?

இது நமக்குப் புதிது அல்ல. பெரியம்மை, பிளேக், காலரா இருந்த அந்தக் காலத்திலேயே நம் நாட்டுச் சர்க்கார் ஊழியர்களுக்குக் "குவாரண்டைன் லீவு" என்று ஒன்று இருந்தது. வீட்டில் ஒருவருக்குத் தொற்றுநோய் வந்தால், டாக்டர் சர்ட்டிபிகேட்டின் பேரில் ஊழியர் 21 நாட்கள் வரை, அவசியமானால் 30 நாட்கள் வரை வீட்டில் இருக்கலாம். சம்பளம் பிடிக்கமாட்டார்கள். கொரோனா காலத்திலும் 2021 ஜூனில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. நோயாளியோடு நேராகப் பழகி வீட்டில் இருக்கும் ஊழியருக்கு, 7 நாட்கள் வேலை பார்த்ததாகவே கணக்கு.

ஆனால் இது சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்கும் யார் கொடுத்தார்கள்? 2020-ல் சென்னையில் வீட்டு வாசலில் "தனிமைப்படுத்தப்பட்ட வீடு" என்று தகரமும் தாளும் ஒட்டினார்கள். கதவுக்கு உள்ளே அடுப்பு எரிந்ததா என்று யார் பார்த்தார்கள்?

பூட்டும் சோறும்

2022 பிப்ரவரி 24-ந்தேதி இங்கிலாந்தில் அந்தச் சட்டம் முடிந்தது. 500 பவுன் உதவியும் அதோடு நின்றது. மணி அடிக்கும் செயலியும் பின்னர் மூடப்பட்டுவிட்டது.

நோய் மட்டும் உலகத்தை விட்டுப் போய்விடவில்லை. நாளைக்கு வேறு பெயரில் வேறு ஒன்று வரலாம். அப்போதும் இரவு 8 மணிக்கு டெலிபோன் மணி அடிக்கும். அப்போது என்ன செய்வது?

முதலாளிமார்களே! நோய் தொற்றியவர் ஒருவர் வேலைக்கு வந்தால், நாலு நாளில் பத்துப் பேர் படுத்துவிடுவார்கள். ஒருவருடைய 10 நாள் சம்பளம் பெரிதா, பத்துப் பேருடைய வேலை பெரிதா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தொழிலாளத் தோழர்களே! விஷயத்தை மறைக்காதீர்கள். உடனே சொல்லுங்கள். எழுத்தில் சொல்லுங்கள். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். பேச்சு காற்றில் போய்விடும். எழுத்துதான் கோர்ட்டில் நிற்கும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. ஊருக்காக ஒருவன் வீட்டுக்குள் இருக்கிறான். அவனுடைய சோற்றுக்கு ஊர்தான் பொறுப்பு. கதவுக்குப் பூட்டு கொண்டு வருகிறவர்கள், மறு கையில் ஒரு படி அரிசியும் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பூட்டைப் பசியே உடைத்துவிடும்.