எந்த ஏஜெண்டிடம் எந்தப் பாலிஸி?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் ஊட்டி, குன்னூர்ப் பக்கத்துப் பெண்களுக்குத் தூக்கம் ஏது? 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்க முடியுமா! 'வீட்டுக்கும் ஒரு இன்ஷூரன்ஸ் இருந்தால் தேவலை' என்று அப்போதுதான் தோன்றும். உடனே, ஆயுள் பாலிஸி போட்டுத் தந்தவரைக் கூப்பிட்டு, "வீட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்கண்ணா" என்று பணத்தை நீட்டிவிடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே!

ஏஜெண்டுகளில் ஆயுள், பொது, மருத்துவம் என்று வகைகள் உண்டு. வீடு, கடை, வண்டி எல்லாம் 'பொது' வகையில் சேர்த்தி. பத்தாவது தேறியவர்கள் பயிற்சி பெற்று, அந்தந்த வகைக்கான பரீட்சையில் ஜெயிக்க வேண்டும். முன்பு லைசென்ஸ் தந்தார்கள். 2015-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, கம்பெனியே நியமனக் கடிதமும் அடையாள அட்டையும் தருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் கம்பெனிகளுக்கு நியமனம் பெற்றவர் 'காம்போஸிட் ஏஜெண்ட்'.

உங்கள் 'அண்ணா' ஆயுளுக்கு மட்டும் நியமனம் பெற்றவரானால், வீட்டுப் பாலிஸி விற்க அவருக்கு அதிகாரமே கிடையாது. பணத்தை வாங்கிப்போய் இன்னொரு ஆயுள் பாலிஸியைக் கொண்டுவந்தால்? சுவர் சரிந்த மறுநாள் அந்தக் காகிதம் உதவாது!

வீட்டுக்கென்று 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிஸி தருகின்றன. தீ, புயல், வெள்ளத்தோடு நிலச்சரிவும் இதில் அடக்கம். எஸ்டேட் லைன் வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்கள், சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

பணம் கொடுக்கும் முன்...

* அட்டையைக் கேளுங்கள். எந்தக் கம்பெனி, எந்த வகை என்று பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

* செக் கொடுத்தால் கம்பெனி பெயருக்கே கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

* "என் கமிஷன்ல பாதி உங்களுக்குத்தான்" என்றால் மயங்காதீர்கள். கமிஷனைப் பங்கு போடுவது சட்டப்படி குற்றம்.

* ஆயுள், மருத்துவப் பாலிஸிகள் பிடிக்காவிட்டால், கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிவிடலாம்.

* கம்பெனியிடம் புகார் செய்தும் பதில் இல்லையா? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று... பத்தாவது முடித்து வீட்டிலிருக்கும் பெண்களும் இந்தப் பரீட்சை எழுதலாம். பெண்களை ஏஜெண்டுகளாக்க எல்.ஐ.சி. 2024 டிசம்பரில் 'பீமா சகி' திட்டம் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு, நம் வீட்டுப் பெண்ணே விளக்கிச் சொன்னால் நல்லதுதானே!