விளையாட்டு ஆர்வமும் ஆண்மை பற்றிய சமூக அழுத்தமும்

ஆணாகப் பிறந்தவன் விளையாட்டை விரும்பியே ஆக வேண்டும், விரும்பாதவனிடம் ஏதோ குறை இருக்கிறது என்று குடும்பமும் பள்ளியும் நண்பர் வட்டமும் கருதுவதால் உண்டாகும் நெருக்கடியே இக்கட்டுரையின் பொருள். "பையனாகப் பிறந்துவிட்டுக் கிரிக்கெட் பிடிக்காதா?" என்ற கேள்வியில் இந்த அழுத்தம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கேட்பவருக்கு அது வேடிக்கைப் பேச்சு. நாள்தோறும் கேட்டு வளரும் சிறுவனுக்கோ, தன்னைப் பற்றிய ஐயத்தை விதைக்கும் பேச்சு.

விளையாட்டு விருப்பம் ஆண்களின் பிறவிக் குணம் என்று பலர் நம்புகின்றனர். வரலாற்றைப் பார்த்தால், இந்த எதிர்பார்ப்பின் இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டில் சில பள்ளிகளில் உருவாக்கப்பட்டு உலகெங்கும் பரவியது என்பது தெரியவரும்.

மூன்று வேறு செய்திகள்

உடலை உழைக்க வைப்பது ஒன்று. விதிகளுக்கு உட்பட்டு அணியாகச் சேர்ந்து போட்டி விளையாட்டு ஆடுவது மற்றொன்று. பிறர் ஆடுவதைப் பார்த்து இரசிப்பதும் அது பற்றிப் பேசுவதும் மூன்றாவது. இம்மூன்றையும் நாம் 'விளையாட்டு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

நாள்தோறும் சைக்கிளில் பத்துக் கிலோமீட்டர் செல்லும் இளைஞனுக்கு ஐ.பி.எல். அணிகளின் பெயர் தெரியாமல் இருக்கலாம். எல்லா ஆட்டங்களையும் பார்த்து ஓட்டக் கணக்கை மனப்பாடமாகச் சொல்பவர் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கலாம். சமூகம் பெரும்பாலும் இரண்டாமவரையே 'விளையாட்டு ஆர்வலர்' என்கிறது. எனவே இந்த எதிர்பார்ப்பை உடல்நல அக்கறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

பழைய வழக்கங்கள்

ஆணின் வலிமையைச் சோதிக்கும் வழக்கம் தமிழ் நிலத்திலும் இருந்தது. காளையின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயர்குலப் பெண் கணவனாக ஏற்கமாட்டாள் என்ற கருத்தைக் கலித்தொகையின் முல்லைக்கலியில் காண்கிறோம். தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் இளவட்டக்கல் இன்றும் கிடக்கிறது. அந்த உருண்டைக் கல்லைத் தோளுக்கு உயர்த்திப் பின்னால் எறிபவனே மணமகனாகத் தகுதி பெற்றவன் என்று கருதிய காலம் உண்டு.

ஆகவே அழுத்தம் முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்தச் சோதனைகள் ஒருவனால் என்ன செய்ய முடியும் என்று கேட்டன. உனக்கு எது பிடிக்கும் என்று கேட்கவில்லை. கல்லைத் தூக்கியவன் கல் தூக்குவதை விரும்பினானா என்பது எவருக்கும் பொருட்டன்று. செயலோடு விருப்பத்தையும் குணத்தையும் சேர்த்து அளக்கும் முறை பின்னால் வந்தது.

இங்கிலாந்துப் பள்ளிகள் வகுத்த அளவுகோல்

'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர் கொண்டிருந்தாலும், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவை செல்வர் வீட்டு ஆண் பிள்ளைகளுக்கான கட்டண விடுதிப் பள்ளிகளாகவே இருந்தன. நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே விளையாட்டு மாணவர்களின் சொந்த விவகாரம். ஆசிரியர்கள் அதில் பெரிதாகத் தலையிடவில்லை.

இந்நிலை மாறியதற்கு ஒழுங்கு பற்றிய கவலை முக்கியக் காரணம். மார்ல்பரோ பள்ளியில் 1851இல் மாணவர்கள் பெரும் கலகம் செய்தனர். மறு ஆண்டு தலைமையாசிரியராக வந்த ஜார்ஜ் காட்டன், கட்டுக்கு அடங்காத மாணவர்களை மைதானத்துக்குள் கொண்டுவர ஒழுங்குபடுத்தப்பட்ட விளையாட்டுகளைப் புகுத்தினார். ஊர் சுற்றி வம்பு வளர்க்கும் நேரத்தைப் பந்து பிடித்துக்கொண்டது. நிர்வாகத்துக்கு உதவிய இந்த ஏற்பாடு, சில பத்தாண்டுகளில் ஒழுக்கக் கல்வியாகவே போற்றப்பட்டது.

1857இல் தாமஸ் ஹியூஸ் எழுதிய 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' என்ற நாவல், ரக்பி பள்ளி வாழ்க்கையைச் சித்திரித்து அந்த எண்ணத்தை வீடுதோறும் கொண்டுசென்றது. அதே ஆண்டில் சார்லஸ் கிங்ஸ்லியின் நாவல் ஒன்றுக்கு வந்த மதிப்புரையில் 'தசைவலிமைக் கிறித்தவம்' என்று பொருள்படும் தொடர் இடம்பெற்றுப் பிரபலமாயிற்று. உடல் வலிமையும் நல்லொழுக்கமும் ஆண்மையும் ஒன்றுக்கொன்று சான்று என்பது அதன் சாரம். இந்தக் கணக்கின்படி, பந்தாட்டத்தில் ஒதுங்கி நிற்கும் சிறுவன் ஆட்டத்தில் மட்டுமல்லாமல் குணத்திலும் குறைந்தவனாகிவிடுகிறான்.

இந்தியாவுக்கு வந்த வழி

அதே ஜார்ஜ் காட்டன் 1858இல் கல்கத்தாவின் ஆயராக இந்தியா வந்தார். சிம்லாவில் 1859இல் அவர் நிறுவிய பள்ளி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இங்கிலாந்துப் பள்ளிகளின் மாதிரி இவ்வாறு பள்ளிகள், படை முகாம்கள், கிறித்தவ நிறுவனங்கள் வழியாக இந்திய மண்ணில் வேரூன்றியது. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, உடற்கல்வியை முறையாகப் பயின்ற ஆசிரியர்களை உருவாக்கியது. இவற்றால் விளைந்த நன்மைகள் பல. ஆனால் அளவுகோலும் கூடவே வந்தது.

அழுத்தம் என்ற சொல்லுக்கு நேர்ப் பொருளிலேயே எடுத்துக்காட்டு ஆவது ஸ்ரீநகர் நிகழ்ச்சி. அங்குள்ள மிஷன் பள்ளிக்கு 1890இல் வந்த செசில் டிண்டேல்-பிஸ்கோ, 1891இல் கால்பந்தை அறிமுகப்படுத்தினார். மாணவர்களில் பெரும்பாலோர் காஷ்மீரப் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். தோலால் செய்த பந்தைத் தொடுவது அவர்களுக்குத் தீட்டு. அவர்கள் மறுத்தனர். கையில் கம்புகளுடன் ஆசிரியர்களை நிறுத்தி அவர்களை மைதானத்துக்கு ஓட்டிச் சென்றதை பிஸ்கோவே எழுதியிருக்கிறார். பந்து முகத்தில் பட்ட சிறுவன் தீட்டுப்பட்டுவிட்டதாக அழுதபோது, அவனைக் கழுவிவரச் செய்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். எல்லாவற்றிலும் ஆண்மகனாக இரு என்பதே அப்பள்ளியின் குறிக்கோள் வாசகம்.

காஷ்மீர் இன்று கால்பந்தை நேசிக்கும் நிலம். பிஸ்கோவின் மாணவர்கள் நீச்சலும் படகோட்டலும் கற்று மக்களுக்கு உதவினர் என்பதும் உண்மை. ஆனால் பந்தை உதைக்கத் தயங்கியவன் ஆண்மையில் குறைந்தவன் என்ற தீர்ப்பு, அந்தச் சிறுவர்களின் நம்பிக்கையையும் அச்சத்தையும் கணக்கில் கொள்ளவே இல்லை.

வங்காளத்தில் இது வேறு வடிவம் எடுத்தது. வங்காளிகள் உடல் வலிமையற்றவர்கள், பெண் தன்மை கொண்டவர்கள் என்று மெக்காலே முதலிய ஆங்கிலேயர் எழுதி வந்தனர். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை 2–1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். அடிமைப்பட்ட மக்களுக்கு அது பெரும் தன்மானம் தந்த வெற்றி. பழிச்சொல் பொய்யாயிற்று. ஆனால் மைதானத்தில்தான் ஆண்மை நிரூபிக்கப்படும் என்ற அளவுகோல் அப்படியே நின்றுவிட்டது. ஒருவகையில் மேலும் உறுதிப்பட்டது.

காந்தியடிகளின் பள்ளி அனுபவம்

விளையாட்டில் விருப்பமில்லாத மாணவனின் மனநிலையை அறிய 'சத்திய சோதனை' நூலைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது. இராஜ்கோட்டில் காந்தி படித்த உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் தோராப்ஜி எதுல்ஜி கிமி, மேல்வகுப்பு மாணவர்களுக்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். காந்திக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. கூச்சம் ஒரு காரணம். பள்ளி முடிந்ததும் நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்ற ஆவல் மற்றொரு காரணம்.

ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளி. மாலை நான்கு மணிக்கு உடற்பயிற்சி. அவரிடம் கடிகாரம் இல்லை. வானம் மேகமூட்டமாக இருந்ததால் நேரம் தெரியவில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சென்றுவிட்டனர். உண்மையைச் சொன்னார். தலைமையாசிரியர் நம்பாமல் சிறு தொகை அபராதம் விதித்தார். தாம் பொய்யனாகக் கருதப்பட்டதே அவரை அழவைத்தது. பின்னர் தந்தையே கடிதம் எழுதி விலக்குப் பெற்றுத் தந்தார்.

உடற்பயிற்சிக்கும் கல்விக்கும் தொடர்பில்லை என்று அப்போது எண்ணியது தவறு என்று பிற்காலத்தில் காந்தி எழுதினார். உடற்பயிற்சிக்குக் கல்வியில் சம இடம் வேண்டும் என்றார். ஆனால் அவர் உடலைப் பேணாமல் இருந்துவிடவில்லை. திறந்தவெளியில் நெடுந்தூரம் நடப்பதன் நன்மையைப் படித்தறிந்து, பள்ளிப் பருவத்திலேயே அதைப் பழக்கமாக்கிக்கொண்டார். மைதானத்தைத் தவிர்த்த அந்தச் சிறுவன், தமது அறுபதாவது வயதில், 1930இல், சபர்மதியிலிருந்து தண்டி வரை சுமார் 385 கிலோமீட்டர் நடந்தார்.

பெண்கள் மீது விழுந்த மறுபக்கம்

விளையாட்டு ஆணுக்கு உரியது என்றால், அது பெண்ணுக்கு உரியதன்று என்ற முடிவு தானாகவே பின்தொடர்கிறது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் மகளிர் அணி ஆடிய கால்பந்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டு டிசம்பரிலேயே, மகளிர் ஆட்டங்களுக்கு மைதானங்களைத் தரக்கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் கழகங்களுக்குத் தடை விதித்தது. கால்பந்து பெண்களின் உடலுக்கு ஏற்றதன்று என்று காரணம் கூறப்பட்டது. அத்தடை சுமார் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது.

விளையாட்டு ஆர்வம் ஆண்களுக்கு மட்டும் இயற்கை தந்த குணமானால், பெண்களைத் தடுக்கச் சட்டம் தேவைப்பட்டிருக்காது. ஆண் பிள்ளைகளை ஓட்டிச்செல்லக் கம்பும் தேவைப்பட்டிருக்காது.

இன்றைய வடிவங்கள்

1983 ஜூன் 25 அன்று இந்தியா கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றது. பின்னர் தொலைக்காட்சி வீடுதோறும் பரவியது. 2008இல் ஐ.பி.எல். தொடங்கியது. விளையாட்டு இப்போது ஆண்களிடையே பேச்சைத் தொடங்கி வைக்கும் பொதுப் பொருள். டீக்கடையிலும் அலுவலகத்திலும் அறிமுகமில்லாத இருவர் "ஸ்கோர் என்ன?" என்று கேட்டு நண்பராகலாம். இது நல்லதே. ஆனால் பதில் தெரியாதவர் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்க நேர்கிறது. சிலர் நாளிதழில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஆர்வம் உள்ளவர்போல நடிக்கின்றனர். பெண்களுக்கு ஆட்டம் தெரியாது என்று கருதி அவர்களைப் பேச்சிலேயே சேர்க்காததும் உண்டு.

பள்ளியில் இது இன்னும் கடுமையானது. இரண்டு தலைவர்கள் ஒவ்வொருவராக அணிக்கு அழைக்கும்போது கடைசியில் மிஞ்சி நிற்கும் சிறுவனை எல்லோரும் பார்க்கின்றனர். 'பொம்பளைப் பிள்ளை மாதிரி' என்ற கேலி அவனை நோக்கி வருகிறது. அந்த ஒரு சொல் அவனையும் இழிவுபடுத்துகிறது. வகுப்பில் உள்ள மாணவிகள் அனைவரையும் இழிவுபடுத்துகிறது.

விளைவுகள்

முதல் விளைவு, அழுத்தத்தின் நோக்கமே தோற்பதுதான். அவமானத்தோடு பழகிய மைதானத்தைச் சிறுவன் வெறுக்கிறான். விளையாட்டை வெறுப்பவன் நடத்தல், நீச்சல், யோகம் ஆகியவற்றையும் தனக்கு ஆகாதவை என்று ஒதுக்கிவிடக்கூடும்.

இரண்டாவது, தன் இயல்பான விருப்பங்களை மறைக்கும் பழக்கம். கோலம், நடனம், சமையல், கதைப் புத்தகம் ஆகியவற்றில் நாட்டமுள்ள சிறுவன் அவற்றைச் சொல்லவே அஞ்சுகிறான்.

மூன்றாவது, நன்றாக ஆடுபவர்களையும் இது விடுவதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் மெஸ்னர் முன்னாள் வீரர்களைப் பேட்டி கண்டு 1992இல் வெளியிட்ட நூலில், காயத்தின் வலியைப் பொருட்படுத்தாமல் ஆடுவது ஆண்மையின் அடையாளமாக அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டதை விளக்குகிறார். ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கானல் 1995இல் வெளியிட்ட நூலில், ஒரு சமூகம் ஆண்மையின் ஒரு வகையை மட்டும் மேலே வைத்து மற்ற வகைகளைத் தாழ்த்துவதை ஆராய்ந்தார். மேலே வைக்கப்பட்டவனும் அந்த இடத்தைக் காத்துக்கொள்ள விலை கொடுக்கிறான்.

பள்ளியும் வீடும் செய்யக்கூடியவை

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட மிதமான அல்லது தீவிர உடலியக்கம் தேவை. அது கிரிக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. எனவே "ஏன் விளையாடப் போகவில்லை?" என்று அதட்டுவதைவிட, "எதைச் செய்தால் உனக்கு உடம்பு சுறுசுறுப்பாக இருக்கிறது?" என்று கேட்பது பயன் தரும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் தாமே கண்ட முறை ஒன்றும் இங்கே நினைக்கத் தக்கது. உத்தி பிரித்தலில் ஏறக்குறைய சமமான திறன் உள்ள இருவர் ஒதுக்குப்புறம் சென்று ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு வருவர். தலைவன் பெயரைத்தான் தேர்ந்தெடுப்பான், ஆளை அல்ல. அதனால் எவரும் வேண்டாதவராகக் கடைசியில் மிஞ்சுவதில்லை. சரியாக ஆடத் தெரியாத சிறு பிள்ளையையும் 'உப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வர். பெயரில் கேலி இருந்தாலும் ஆட்டத்தில் இடம் இருந்தது. உடற்கல்வி வேளையில் அணி பிரிக்கும்போது ஆசிரியர்கள் இம்முறையைப் பின்பற்றலாம். அந்த வேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் இருப்பதும், மாணவியருக்கும் மைதானத்தில் சம பங்கு தருவதும் அதே அளவு முக்கியம்.

பெற்றோர் தம் மகனுக்கு மட்டையை வாங்கித் தருவதில் தவறில்லை. சில மாதங்கள் கழித்து அது மூலையில் கிடந்தால் மகனிடம் குறை தேட வேண்டியதில்லை. விளையாட்டு மகிழ்ச்சிக்காக ஏற்பட்டது. மகிழ்ச்சியைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. விரும்பி ஆடுபவனையும் விரும்பாமல் ஒதுங்குபவனையும் ஒரே மதிப்போடு நடத்தும் வகுப்பறையில்தான், ஒதுங்கி நின்றவன் ஒருநாள் தானாகவே மைதானத்துக்குள் வர வாய்ப்பு உண்டு. வராவிட்டாலும் அவன் குறைந்தவன் அல்லன்.