ஊருக்கு ஊர் மாறும் ரூட்டர்

ஆம்பூரில் தைக்கும் ஒரே ஷூவுக்குப் பிரிட்டன் அளவில் 8, ஐரோப்பிய அளவில் 42. அங்கே மாறுவது எண் மட்டும். வைஃபை ரூட்டரிலோ உள்ளிருக்கும் மென்பொருளே நாட்டுக்கு நாடு மாறுகிறது.

2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்க ரூட்டர்கள் 11ஆம் சேனலோடு நின்றுவிடும். இந்தியாவில் 13 வரை போகலாம். இங்குள்ள ரூட்டர் 13இல் இயங்கினால், அமெரிக்காவில் வாங்கிய லேப்டாப்புக்கு அந்த வைஃபை தெரியாமலே போகலாம். ரூட்டரில் நாட்டு அமைப்பை மாற்றிக்கொண்டால் என்ன? அப்படி நாட்டை மாற்றினால் அனுமதித்த திறனைத் தாண்டும் ரூட்டர்களை விற்றதற்காக, 2016இல் டிபி-லிங்க் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 2 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அலைவரிசை பொதுச்சொத்து, இந்தக் கண்டிப்பு நியாயமே.

சேனலைப் போலவே மின்னழுத்தமும் நாட்டுக்கு நாடு மாறும். வேலூருக்கோ வாணியம்பாடிக்கோ உறவினர் வெளிநாட்டிலிருந்து ரூட்டர் கொண்டுவந்தால், முதலில் அடாப்டரைப் பார்க்க வேண்டும். 100–240 வோல்ட் என்றிருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றிருந்தால், நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது.