12 வோல்ற் பெட்டியைத் தேடி

பழுதடைந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியைத் தேடிப்பிடித்து மீண்டும் இயங்கச் செய்வதை இலண்டனில் பலர் ஒரு கலையாகவே போற்றுகின்றனர். 1936 நவம்பர் 2ஆம் நாள் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தனது தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிய நகரம் இது. 2014இல் மறைந்த ஜெரால்ட் வெல்ஸ், தென் இலண்டனின் டல்விச் பகுதியில் தாம் பிறந்த வீட்டையே பழைய வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளின் அருங்காட்சியகமாக ஆக்கியிருந்தார்.

சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்புபவை கையில் தூக்கிச் செல்லும் பெட்டிகளே. 1960இல் சோனி நிறுவனம் வெளியிட்ட 8 அங்குலப் பெட்டி 23 திரான்சிற்றர்களைக் கொண்டது. எடை சுமார் 6 கிலோ. பற்றரியிலும் இயங்கியது. 1977இல் கிளைவ் சின்கிளேயர் 2 அங்குலத் திரையுடன் ஒன்றையும், 1983இல் தட்டையான படக்குழாய் பொருத்திய சட்டைப்பைப் பெட்டி ஒன்றையும் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

நம்மவர் தேட வேண்டிய பெட்டி இவற்றினும் எளிமையானது. நம் வரலாற்றோடு நெருக்கமானது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்நாளில் கார் பற்றரியில் இயங்கக்கூடிய 12 வோல்ற் கறுப்பு வெள்ளைப் பெட்டி அரும்பொருளாயிற்று. அத்தகைய பெட்டியொன்றை மீட்டெடுப்பது அக்கால வாழ்க்கைக்குச் சான்று தேடுவதாகும்.

ஆனால் இலண்டனில் கிடைக்கும் எல்லாப் பெட்டிகளும் இதற்குப் பொருந்தா. இங்கும் இலங்கையிலும் படம் 625 கோடுகளால் ஆனதே. எனினும் ஒலியலை, படத்தின் அலையிலிருந்து பிரித்தானியாவில் 6 மெகாஹேட்ஸ் தள்ளி வந்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் 5.5 மெகாஹேட்ஸ் தள்ளி வந்தது. ஆகவே ஊர்ப் பெட்டியை இங்கு கொணர்ந்தால் படம் தெரிந்தாலும் பேச்சு வராது. இங்குள்ள பெட்டியை ஊருக்குக் கொண்டு சென்றாலும் அதே கதைதான். ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, டென்மார்க் ஆகிய நாடுகளோ இலங்கையைப் போன்றே 5.5 முறையைக் கைக்கொண்டவை. அந்நாடுகளில் உறவினர் உள்ளோர் அங்கு விசாரித்தல் நலம். இலண்டனில் தேடுவோருக்குக் கார்ச் சந்தைகளும் ஏல விற்பனைகளும், 1976இல் தோன்றிய பிரித்தானியப் பழம் வானொலிச் சங்கத்தின் கூடல்களும் உதவும்.

வாங்குமுன் படக்குழாயின் நலத்தையே முதலில் விசாரிக்க வேண்டும். ஏனைய உறுப்புகளை மாற்றிவிடலாம்; உயிரிழந்த படக்குழாய்க்கு மாற்று கிடைப்பது அரிது. கிடைத்த மகிழ்ச்சியில் உடனே மின்னிணைப்புக் கொடுத்தல் ஆகாது. ஆண்டுக்கணக்கில் உறங்கிய கொள்ளளவிகள் பழுதுற்றிருக்கும். அவை பிற உறுப்புகளையும் எரித்துவிடக் கூடும். பற்றரியின் நேர்முனை, எதிர்முனை மாறினாலும் கேடே. மின்னிணைப்பை அகற்றிய பின்னரும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ற் தேங்கி நிற்கலாம். எனவே பயிற்சி இல்லாதோர் மூடியைத் திறத்தல் கூடாது.

பெட்டி உயிர்பெற்றாலும் அதற்கு உணவு வானில் இல்லை. இலண்டனில் பழைய முறை ஒளிபரப்பு 2012 ஏப்ரலில் நிறுத்தப்பட்டுவிட்டது. இதற்கு மாற்றுண்டு. வீடியோக் கருவியின் படத்தையும் ஒலியையும் பழைய அலையாக மாற்றித் தரும் சிறு கருவியை அன்ரனாத் துளையில் இணைத்தால் போதும். அக்கருவியின் ஒலியைப் பெட்டிக்கேற்ப 5.5க்கோ 6க்கோ அமைத்தல் வேண்டும். அதன்பின் ஊரிலிருந்து வந்த திருமண வீடியோவையும் அதே பெட்டியில் காணலாம்.

வீடு மாறும்போதும் முதியோர் மறையும்போதும் நம்மவர் பலர் முதலில் கழித்துவிடுவது இத்தகைய பெட்டிகளைத்தான். மீள்சுழற்சி நிலையத்துக்குச் சென்றது திரும்பி வராது. உங்கள் நிலவறையிலோ பரணிலோ ஒன்று கிடந்தால், அதன் பின்புறம் 12 வோல்ற் என்று பொறித்திருக்கின்றதா என ஒருமுறை பாருங்கள். இருந்தால், அதை ஏற்றிச் செல்ல வண்டி வருமுன் அதனை வைத்திருந்தவர் யார், எங்கு வாங்கினார், எவரெவர் சுற்றியிருந்து பார்த்தனர் என்பவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.