கொல்லப்பட்டவரின் பெயர் என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வத்திராயிருப்புக்கு அருகே உள்ள எங்கள் கூமாப்பட்டி, 2025 ஜூன் மாதத்தில் ஒரு காணொலியால் தமிழகம் முழுவதும் பேசப்பட்டது. அடுத்த மாதமே ஊர்த் தேநீர்க் கடையில் பேச்சு வேறு திசைக்கு மாறிவிட்டது. ஏமன் நாட்டுச் சிறையில் இருக்கும் கேரளச் செவிலியர் நிமிஷா பிரியாவுக்கு ஜூலை 16-ஆம் தேதி மரண தண்டனை நிறைவேற்றப்படும் என்ற செய்திதான் காரணம்.

அந்த நாள்களில், செவிலியர் படிப்பை முடித்த மகளை வளைகுடா நாடு ஒன்றுக்கு வேலைக்கு அனுப்ப ஆயத்தமாகிக் கொண்டிருந்த பக்கத்துத் தெருப் பெண்மணி என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, அந்தப் புள்ளைய விட்டுருவாங்களா?" என்று கேட்டார். உடன் வந்த மகள் கேட்டதோ வேறொரு கேள்வி: "சார், செத்துப்போனவரு பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. நாள்தோறும் அந்தச் செய்தியை வரி விடாமல் படித்து வந்தவன் நான். குற்றம் சாட்டப்பட்டவரின் ஊர், அவருடைய தாயார், கணவர், மகள், இங்கு அமைக்கப்பட்ட மீட்புக் குழு என எல்லாம் தெரிந்திருந்தது. கொல்லப்பட்டவரின் பெயர் மட்டும் மனத்தில் நிற்கவில்லை. பிறகு தேடிப் பார்த்தேன். அவர் பெயர் தலால் அப்தோ மஹ்தி.

வழக்கின் சுருக்கம் இது. பாலக்காடு மாவட்டம் கொல்லங்கோட்டைச் சேர்ந்த நிமிஷா பிரியா 2008-இல் ஏமனுக்குச் சென்று செவிலியராகப் பணியாற்றினார். 2015-இல் உள்நாட்டவரான மஹ்தியின் துணையுடன் ஒரு மருத்துவமனை தொடங்கினார். மஹ்தி தம்மைத் துன்புறுத்தினார், கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டார், அதை மீட்கவே மயக்க மருந்து செலுத்தினேன், அளவு மிகுந்து அவர் இறந்துவிட்டார் என்பது நிமிஷா தரப்பின் வாதம். அக்குற்றச்சாட்டுகளை மஹ்தியின் குடும்பத்தினர் மறுக்கின்றனர். 2017-இல் மஹ்தியின் உடல் துண்டிக்கப்பட்ட நிலையில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் கண்டெடுக்கப்பட்டது. 2020-இல் சனா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2023 நவம்பரில் அந்நாட்டின் உச்ச நீதி அமைப்பு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

தண்ணீர்த் தொட்டி பற்றிய செய்தி எங்கள் தேநீர்க் கடைப் பேச்சில் ஒருமுறைகூட வரவில்லை. நம் பெண்ணை அயல்நாட்டான் கொல்லப் போகிறான் என்பதே பேச்சின் சாரமாக இருந்தது.

இங்கு நாம் புரிந்துகொள்ள வேண்டிய சட்ட வேறுபாடு ஒன்று உண்டு. நம் நாட்டில் கொலை என்பது அரசுக்கு எதிரான குற்றம். கொலையுண்டவரின் உறவினர் மன்னித்துவிட்டார் என்பதற்காக வழக்கு முடிந்துவிடாது. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் உரியது. ஏமனில் பின்பற்றப்படும் இஸ்லாமியக் குற்றவியல் முறையில், உயிருக்கு உயிர் கேட்கும் உரிமை இறந்தவரின் வாரிசுகளுக்கு உண்டு. அதற்கு 'கிசாஸ்' என்று பெயர். அவர்களே விரும்பினால் 'தியா' எனப்படும் குருதிப் பணம் பெற்றுக்கொண்டோ, ஒன்றும் பெறாமலோ மன்னிக்கலாம்.

ஆகவே, இவ்வழக்கில் தண்டனையை மாற்றக்கூடிய கதவின் திறவுகோல் பெரிதும் மஹ்தியின் குடும்பத்தாரிடம் இருக்கிறது. புது தில்லியிடம் அது இல்லை. சனா நகரம் ஹூதி அமைப்பினரின் கட்டுப்பாட்டில் உள்ளது. அங்கு நம் தூதரகம் இயங்கவில்லை. அரசால் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு என்று உச்சநீதிமன்றத்தில் மத்திய அரசு கூறியபோது பலர் கொதித்தார்கள். அந்தக் கூற்றில் உண்மை இருந்தது. ஜூலை 15-ஆம் தேதி தண்டனை நிறைவேற்றம் தள்ளிவைக்கப்பட்டதன் பின்னணியில் காந்தபுரம் ஏ.பி. அபூபக்கர் முஸ்லியார் ஏமன் நாட்டு மார்க்க அறிஞர்கள் வழியாக எடுத்த முயற்சியும் பேசப்பட்டது.

நம் ஆரவாரம் என்ன செய்தது என்பதை இந்த இடத்தில்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறோமோ அவர்களுடைய வீட்டுப் பிள்ளையைக் கொடியவன் என்று நாள்தோறும் எழுதினோம். குற்றவாளியைப் பாதிக்கப்பட்டவராகக் காட்டும் முயற்சி தங்களைப் புண்படுத்துவதாக மஹ்தியின் சகோதரர் வெளிப்படையாகவே சொன்னார். பத்து லட்சம் டாலர் தர முன்வந்தும் குடும்பம் இசையவில்லை என்ற செய்தி வந்தபோது, "இன்னும் கொஞ்சம் சேத்துக் குடுத்தா சரின்னுருவான்" என்று கடையில் ஒருவர் சொன்னார். நாற்பதாண்டுக் காலம் விலைக் கோட்பாடு படித்தும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது சந்தைப் பொருள் அன்று. இதில் தொகை கூடினால் இசைவும் கூடும் என்ற விதி கிடையாது.

சவூதி அரேபியாவில் மரண தண்டனை பெற்றிருந்த கோழிக்கோட்டைச் சேர்ந்த அப்துல் ரஹீமுக்காக 2024-இல் மக்கள் திரட்டிய தொகை 34 கோடி ரூபாய். அதை ஏற்று அந்தக் குடும்பம் மன்னித்தது. மற்றொரு வழக்கு நம் மண்ணைச் சேர்ந்தது. குவைத்தில் கேரளத் தொழிலாளி ஒருவரைக் கொன்றதாகப் பட்டுக்கோட்டைப் பகுதித் தொழிலாளி ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இங்கே கொலையுண்டவரின் குடும்பமும் இந்தியாவில்தான், மலப்புரம் மாவட்டத்தில், இருந்தது. தண்டனை பெற்றவரின் மனைவி தம்மால் திரட்ட முடிந்த சிறு தொகையுடன் கேரளம் சென்று பெரியவர்களை நாடினார். அங்குள்ளவர்கள் மீதியைச் சேர்த்து 30 லட்சம் ரூபாய் ஆக்கிக் கொடுத்தார்கள். கணவனை இழந்த பெண் மன்னிப்புக் கடிதம் அளித்தார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் இழப்பை ஏற்றுக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றார். இறந்தவரைப் பற்றி ஒரு சுடுசொல்லும் பேச அங்கே இடமிருக்கவில்லை.

இதே காட்சியை மறுபக்கத்திலிருந்தும் நாம் பார்த்திருக்கிறோம். 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கடற்கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் 'செயின்ட் ஆன்டனி' படகில் இருந்த இரு மீனவர்கள் இறந்தனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்த வாலன்டைன் ஜெலஸ்டின். மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் அஜீஷ் பிங்கு. கடற்கொள்ளையர் என்று கருதிச் சுட்டோம் என்றனர் இத்தாலியக் கடற்படை வீரர்களான லத்தோரேயும் ஜிரோனேயும்.

இத்தாலியில் அவர்கள் வீரர்களாகவே பார்க்கப்பட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் தில்லிக்கு அருகே நடந்த கார் பந்தயத்தில் ஃபெராரி கார்கள் இத்தாலியக் கடற்படையின் சின்னத்தைத் தாங்கி ஓடின. வாக்களிக்க ஊர் செல்ல நம் உச்சநீதிமன்றம் அனுமதித்த பிறகு, 2013 மார்ச்சில் அவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி அறிவித்தது. இத்தாலியத் தூதர் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று நம் நீதிமன்றம் தடை விதித்த பின்னரே அவர்கள் திரும்பினார்கள். அப்போது நான் கல்லூரியில் பணியாற்றிக் கொண்டிருந்தேன். வகுப்பறையில் மாணவர்கள் கொதித்தார்கள். நானும் கொதித்தேன். 'செத்துப்போன நம் மீனவர்களைப் பற்றி அவர்களில் ஒருவராவது பேசுகிறார்களா?' என்று கரும்பலகை முன் நின்று கேட்டது இன்றும் நினைவில் இருக்கிறது.

அவ்வழக்கு எப்படி முடிந்தது? வீரர்களை விசாரிக்கும் அதிகாரம் இந்தியாவுக்கு இல்லை, ஆனால் இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்று 2020-இல் தி ஹேக் நகரின் நடுவர் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்தியது. இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பகிர்ந்து, 2021 ஜூன் 15 அன்று உச்சநீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. 2022 ஜனவரியில் ரோம் நீதிமன்றமும் போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கை மூடிவிட்டது. அன்று கடலில் நடந்தது என்ன என்பதைச் சாட்சிகளை விசாரித்து எந்த நாட்டுக் குற்றவியல் நீதிமன்றமும் தீர்ப்பாகச் சொல்லவில்லை. பணம் வந்தது, தீர்ப்பு வரவில்லை. அந்தக் கசப்பு நமக்குத் தெரியும். மஹ்தியின் குடும்பத்துக்கும் அதுவே தெரிந்திருக்கும்.

இதனால் அயல்நாட்டில் சிக்கிய நம்மவரைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் கைதாகும் ஒருவர் தம் நாட்டுத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமையை 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை வழங்குகிறது. மொழிபெயர்ப்பாளர், வழக்குரைஞர், நேர்மையான விசாரணை ஆகியவற்றை உரக்கவே கேட்கலாம். மரண தண்டனையை ஏற்காதவன் நான். அதை எதிர்ப்பவர், சனாவில் எதிர்ப்பதைப் போலவே சென்னையிலும் எதிர்க்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு நீதியா, கருணையா என்று முடிவு செய்தால், நம்மிடம் இருப்பது இரண்டும் அன்று, இனப்பற்று மட்டுமே.

அந்தப் பெண் புறப்படுவதற்கு முன் மீண்டும் வந்தார். கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது, அதை அடகாகப் பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை என்று சொன்னேன். நகல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகும்படியும், சிக்கல் வந்தால் தாமே தீர்க்க முனையாமல் முதலில் தூதரகத்தை நாடும்படியும், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியும் முறையைத் தெரிந்துகொள்ளும்படியும் கூறினேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

பிறகு, "பேரைக் கண்டுபிடிச்சீங்களா சார்?" என்று கேட்டார். சொன்னேன். அதையும் அதே தாளில் எழுதிக்கொண்டார்.