நமது பத்திரிகையின் பக்க அமைப்பு மாற்றம்

நமது பத்திரிகையைத் திங்கள்தோறும் படித்துவரும் அங்கத்தினர்கள், இவ்விதழில் எழுத்தின் தோற்றம் சற்று மாறியிருப்பதைக் கண்டிருப்பர். பல ஆண்டுகளாகப் பேஜ்மேக்கர் என்னும் கணினிச் செயலியைக் கொண்டு பக்கங்களை அமைத்துவந்த நாம், இவ்விதழ் முதல் ஸ்கிரைபஸ் என்னும் செயலியைக் கைக்கொண்டிருக்கின்றோம். இம்மாற்றத்தின் காரணத்தையும், இடையில் நேரவிருந்த ஒரு பெரும் பிழையையும் அங்கத்தினர்களுக்கு அறிவிப்பது நம் கடமையாகும்.

பேஜ்மேக்கர் 1985ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இயங்கிய ஆல்டஸ் கம்பெனியால் வெளியிடப்பெற்றது. ஈய எழுத்துக்களைக் கோத்துப் பக்கம் கட்டிய வேலையை ஒரு மேசையின் மீதே முடிக்க அது வழி செய்தது. 1994இல் அக்கம்பெனி அடோபி கம்பெனியுடன் இணைந்தது. 1999இல் இன்டிசைன் என்னும் புதிய செயலி வந்தது. 2001இல் வெளியான ஏழாம் பதிப்புடன் பேஜ்மேக்கர் நின்றுவிட்டது. உதிரிப் பாகம் கிடைக்காத தறியை எத்தனை நாள் ஓட்ட இயலும்? நமது பழைய கணினி பழுதுற்றால் பத்திரிகையே நின்றுவிடும் என்ற நிலை வந்தது.

இன்டிசைன் சிறந்த செயலிதான். 2012ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் தமிழையும் முறையாக ஏற்கின்றது. ஆயினும் அதற்கு இடைவிடாது சந்தா செலுத்தவேண்டும். ஸ்கிரைபஸ் விலையின்றிக் கிடைப்பது. 2024இல் வெளிவந்த அதன் 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துக்கள் பிறழாது அமைகின்றன. ஆதலின் அதனையே தெரிந்தெடுத்தோம்.

புதிய செயலியைக் கற்பது கடினமாயில்லை. கடினமாயிருந்தது பழைய எழுத்தை மாற்றுவதே. நமது பழைய கோப்புக்கள் பாமினி என்னும் எழுத்துருவில் அமைந்தவை. அதில் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவம் அமர்ந்திருக்கும். ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாய்ப் பதிவாகும். இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோடு முறையிலோ, முதலில் ககரமும் பின்னர் உயிர்க்குறியும் பதிவாகும். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்ற மாற்றி என்னும் சிறு கருவிகள் உள்ளன. ஆனால் கோப்பில் கலந்துள்ள உண்மையான ஆங்கில எழுத்தை அம்மாற்றி பிரித்தறியாது, அதனையும் தமிழாக்கிவிடும்.

பருத்திக் கொள்முதல் பட்டியலில் கிலோவைக் குறிக்கும் ‘கே, ஜி’ என்ற சிறிய ஆங்கில எழுத்துக்கள் ‘மப’ என்று மாறின. இது பார்த்தவுடன் தெரியும் பிழை, திருத்திவிட்டோம். பங்கு ஈவுப் பட்டியலில் நேர்ந்ததோ வேறு. அதில் ஒரே பெயருடைய நெசவாளர் இருவர் உளர். ஒருவருடைய தலைப்பெழுத்து ‘மு’. மற்றவருடையது ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘கே’. பாமினியில் அவ்வெழுத்தின் இடத்தில் இருப்பது ‘மு’. ஆகவே மாற்றத்திற்குப் பின் இருவரும் ‘மு’ ஆயினர்! படிப்பவர் கண்ணுக்கு அது பிழையாகவே தோன்றாது. அச்சுப்படியைத் தறிக்காரர் ஒருவர் பழைய இதழுடன் ஒப்புநோக்கியதால் மட்டுமே அது பிடிபட்டது. இல்லையேல் ஒருவர் உழைப்பின் பயன் மற்றவர் பெயரில் அச்சாகியிருக்கும்.

இதனால் மூன்று முடிவுகள் செய்துள்ளோம். பெயரும் தொகையும் அடங்கிய பட்டியலை மாற்றியிடம் விடாமல் புதிதாகத் தட்டெழுதுவோம். அச்சுப்படியை இருவர் உரக்கப் படித்து ஒப்பிடுவர். பழைய இதழ்கள் யாவும் யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்க்கப்பெறும் வரை பழைய கணினியை அகற்றமாட்டோம்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விதழில் தங்கள் பெயரையும் தலைப்பெழுத்தையும் ஒருமுறை சரிபார்த்து, பிழை காணின் உடனே காரியாலயத்திற்குத் தெரிவியுங்கள். பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்திருப்போர் சில நாட்களுக்கு இரவல் தந்துதவினால், ஒப்புநோக்கியபின் நன்றியுடன் திருப்பித் தருவோம். கருவி எதுவாயினும், கணக்கில் உள்ள பெயர் உரியவருடையதாய் இருத்தல் வேண்டும்.