தேரைக்கு ஒரு குளம்

உள்ளே பருப்பில்லாத தேங்காயைக் கண்டால், "தேரை மோந்துவிட்டது" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தரையில் தத்தித் திரியும் தேரை, தென்னையின் உச்சிக்கு எப்படிப் போகும்? மகரந்தச் சேர்க்கைக் குறைவும் சத்துக் குறைவுமே பொதுவாக அதற்குக் காரணங்கள். உண்மையில் தேரை தோட்டக்காரரின் நண்பன். கறையான், எறும்பு, வண்டு ஆகியவற்றை இரவெல்லாம் தின்கிறது. அந்த நண்பனை நம் தோட்டத்திற்கு அழைப்பது எப்படி?

பகலில் ஒதுங்க ஈரமான நிழலும், முட்டையிட ஆழமில்லாத நீரும் இருந்தால் போதும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினேன். வாய் குறுகியது, சுவர்கள் செங்குத்தானவை, நாள் முழுதும் வெயில் படும் இடம். தேரை வந்தது, முட்டையும் இட்டது. ஆனால் ஒரு விடியற்காலையில் பார்த்தால், பச்சை நிற நீரில் தலைப்பிரட்டைகள் செத்து மிதந்தன. இயற்பியல் கற்பிக்கும் நான் இயற்பியலையே மறந்ததன் விளைவு அது!

காரணத்தைப் பார்ப்போம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7½ மில்லிகிராம்தான். அதாவது, நீர் சூடேறினால் ஆக்சிஜன் குறைகிறது. பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிட்டாலும் இரவில் அதை எடுத்துக்கொள்ளவே செய்யும். ஆகவே விடியும் நேரத்தில்தான் தட்டுப்பாடு மிகுதி. காற்றிலிருந்து ஆக்சிஜன் நீரின் மேற்பரப்பு வழியாகவே நுழைகிறது. வாய் குறுகிய தொட்டியில் அந்த வழியும் சிறிது.

எனவே அடுத்த குளத்தை அகலமாக, பாதி நிழலில் அமைத்தேன். நீளம் 150 செ.மீ., அகலம் 100 செ.மீ. ஒரு முனையில் ஆழம் 30 செ.மீ.; அங்கிருந்து தரை மெல்ல உயர்ந்து, மறுமுனையில் கரையோடு சேர்ந்துவிடும். இந்தச் சரிவு மிக முக்கியம். வால் சுருங்கி, நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கும் குட்டித் தேரை, ஏறிவர வழியில்லாவிட்டால் மூழ்கி இறந்துவிடும். குழியில் பழைய சாக்குகளைப் பரப்பி, அதன்மேல் கெட்டியான பாலித்தீன் விரிப்பைப் போட்டு, ஓரங்களில் கல் வையுங்கள். மழைநீர் சிறந்தது. குளோரின் கலந்த குழாய்நீரானால், திறந்த வாளியில் ஓரிரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள். அருகில் உடைந்த மண்பானையைக் கவிழ்த்து வைத்தால், தேரைக்கு வீடு தயார்.

இதில் கொள்வது 225 லிட்டர். மேற்பரப்பு 1½ சதுர மீட்டர். ஒரு நாளில் நீர்மட்டம் 5 மில்லிமீட்டர் இறங்கினால், ஆவியானது எத்தனை லிட்டர்? கணக்கிட்டுப் பாருங்கள். விடை: 7½.

"கொசு வராதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, டெங்கு பரவும் நாட்டில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. மீன் விடலாமென்றால், அது தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடும். கொசுமுட்டை கொசுவாகப் பறக்க நம் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை தேநீர் வடிகட்டியால் கொசுப்புழுக்களை அரித்து எடுத்துவிடுங்கள். தேரைக் குஞ்சுகள் கரையேறியதும் நீரை வடித்துவிடுங்கள். தவறாமல் கவனிக்க இயலாதவர்கள் குளம் அமைக்காமலிருப்பதே நல்லது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் சுற்றிலும் வேலி கட்டாயம் வேண்டும்.

தேரையைப் பிடித்து வந்து விடாதீர்கள்; மழைக்குப் பின் அதுவே வரும். தேரை வாயால் நீர் அருந்துவதில்லை; தோலால் உறிஞ்சுகிறது. எனவே அருகில் பூச்சிமருந்து தெளிக்கக்கூடாது. அதன் தோலில் நஞ்சு சுரப்பதால், தொட்டால் கையைக் கழுவுங்கள்.

நீரில் கறுப்பு மணிகள் கோத்த நீண்ட, வழுவழுப்பான இழைகள் தெரிகின்றனவா? அவைதாம் தேரையின் முட்டைகள்! அன்று முதல் நாள்தோறும் நீரின் வெப்பநிலையைக் குறித்துவாருங்கள். முதல் குட்டித் தேரை கரையேற எத்தனை நாள் ஆயிற்று? குளிர்ந்த மாதத்திலும் வெப்பமான மாதத்திலும் அந்த எண்ணிக்கை ஒன்றாகவா இருக்கிறது? விடையை உங்கள் குளமே சொல்லும்.